ரோப்பு சொல்லுது மேடம்

கல்லூரிகளில் பேசக் கூப்பிடும்போது கடைசியில் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "மேடம், மெட்ரோல பெரிய பொறுப்புக்கு வரணும்னா என்ன படிக்கணும், எம்.பி.ஏ. பண்ணலாமா?" என்று கேட்கும். பண்ணு, பண்ணாதே என்று சொல்ல நான் யார். ஆனால் நான் படித்தது காங்கிரீட், கடைசிப் பதினைந்து வருஷம் பார்த்த வேலையில் காங்கிரீட் கால்வாசிகூட இல்லை. கீழே நிற்கிற ஆளுக்குத் தெரிந்த விஷயம் மேலே உட்கார்ந்திருப்பவர் காதுக்கு நேரத்தோடு வந்து சேருமா, சேராதா என்கிற ஒரே பாடுதான் மீதி எல்லாம். அதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வின்ச் ஆபரேட்டர், கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற இயந்திரத்தை ஓட்டுபவர். அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை.

1988இல் கிண்டியில் சிவில் முடித்தேன். வகுப்பில் பெண்கள் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் டிசைன் ஆபிஸ், அரசுத் தேர்வு என்று போய்விட, சைட்டுக்குத்தான் போவேன் என்று நான் அடம்பிடித்தேன். நாலு வருஷம் சின்னச் சின்னப் பாலங்கள். 1992இல் ஒரு ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து பறக்கும் ரயில் வேலைக்கு வந்தேன், சேப்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டி. அந்தக் கால்வாய் நாற்றம் சேலையில் ஏறி வீடு வரைக்கும் வரும், அதைச் சொல்லியே என் மாமியார் என்னை நேராகக் குளியலறைக்கு அனுப்புவார்.

பாலத் தூண்களுக்கு அடியில் ஆழக் குழி தோண்டிக் காங்கிரீட் நிரப்புவதுதான் பைல். அதைத் தோண்ட, இன்றைக்கு இருக்கிற ஹைட்ராலிக் ரிக் எல்லாம் அப்போது எங்கள் சைட்டில் கிடையாது. முக்காலி, வின்ச், கம்பிக் கயிற்றின் நுனியில் பெய்லர், அவ்வளவுதான். பெய்லரை இறக்கி மண்ணை அள்ளி அள்ளி வெளியே கொட்ட வேண்டும், பாறை வந்தால் அதைக் கழற்றிவிட்டு சிசல் என்கிற கனமான இரும்பு உளியை மாட்டி, தூக்கித் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும். குழி சரியாமல் இருக்க பெண்டோனைட் என்கிற களிமண் கலவையை நிரப்பியிருப்போம், அதனால் உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பாறை தட்டிவிட்டதா என்று கண்டுபிடிக்க மூன்றே வழி: அரை மணி நேரத்தில் சிசல் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது, கலவையோடு மேலே வருகிற துகள் எப்படி இருக்கிறது, அப்புறம் வின்ச்சைப் பிடித்திருக்கிறவரின் கை.

எங்கள் வின்ச்சைப் பிடித்திருந்தவர் நெல்லூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். ஒரு நாள் சாயங்காலம், ஒரு பைலில், டிராயிங்கில் போட்டிருந்த ஆழம் வந்தாயிற்று, சிசல் இறங்குவதும் குறைந்தாயிற்று, மறுநாள் காலை காங்கிரீட்டுக்கு லாரி சொல்லியாயிற்று. அவர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இது பாறை இல்ல மேடம். பாறைன்னா அடி விழுந்ததும் ரோப்பு துள்ளும். இது சும்மா தொங்குது. ரோப்பு சொல்லுது மேடம், நான் சொல்லல." நான் மேலே இருந்த சீனியரிடம் போய், "கொஞ்சம் சந்தேகமா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன். யாருக்குச் சந்தேகம், ஏன் சந்தேகம் என்று சொல்லவில்லை. வின்ச்காரர் சொன்னதை வைத்துப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சம். "டிராயிங்படி வந்துடுச்சில்ல, லாக் எழுதிடு" என்றார் அவர். பைல் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

எடை ஏற்றிப் பார்க்கிற லோடு டெஸ்ட்டில் அந்தப் பைல் அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக அமுங்கியது. பக்கத்தில் இன்னும் இரண்டு பைல் போட்டு, பைல்களை மேலே சேர்த்துப் பிடிக்கிற காங்கிரீட் பைல் கேப்பைப் பெரிதாக்கி, ஆறு வாரம் தாமதம். யாரும் என்னைத் திட்டவில்லை, மண் அப்படி என்று எழுதி முடித்துவிட்டார்கள். நெல்லூர்க்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அதற்கப்புறம் என்னிடம் ரோப்பைப் பற்றிச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். எனக்கு நஷ்டம் அதுதான்.

அன்றிலிருந்து ஒரு பாக்கெட் நோட்டு. யார், எப்போது, என்ன சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே எழுதி வைப்பது. இளம் பொறியாளர்களுக்கு நான் சொல்கிற முதல் யோசனையும் இதுதான், அதுவும் நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்து ஒரு ஒப்பந்தத் தகராறு ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் விசாரணைக்குப் போனபோது அந்த நோட்டில் இருந்த தேதிகள்தான் எங்களைக் காப்பாற்றின.

சைட்டில் எனக்குக் கழிப்பறை கிடையாது. சித்தாள் பெண்களுக்கும் கிடையாது, அதைப் பற்றி யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு தடவை படுத்தேன். கேட்டதற்கு, "நீங்க ஆபிஸ்லயே இருந்துக்கலாமே" என்று பதில் வந்தது. பின்னால் நான் பொறுப்புக்கு வந்த ஒவ்வொரு சைட்டிலும் முதல் வேலை ஆபிஸ் கொட்டகை இல்லை, பெண்கள் கழிப்பறை. செலவு ஒன்றும் பிரமாதமில்லை.

நடுவில் மேம்பாலங்கள், ஒரு துறைமுகச் சாலை, ஒரு குழந்தை, அதைத் தாண்டிப் போகிறேன்.

சென்னை மெட்ரோவின் முதல் கட்டம், 45 கிலோமீட்டர், வேலை தொடங்கியது 2009இல். நான் சுரங்கப் பகுதிக்கு வந்தேன். சென்னையின் அடியில் மண் ஒரே மாதிரி இருக்காது. வடக்கே போனால் மணலும் களிமண்ணும், தெற்கே வந்தால் சார்னோகைட் என்கிற கடும்பாறை, இரண்டுக்கும் நடுவில் பாதி மட்கிய பாறையும் மண்ணும் உருண்டைக் கற்களும் கலந்து கிடக்கும். முழுக்கப் பாறை என்றாலோ முழுக்க மண் என்றாலோ டனல் மெஷின் ஒரு சீராகப் போகும். மேல் பாதி மண், கீழ் பாதி பாறை என்று வரும்போதுதான் வம்பு. பாறையை அரைக்க மெதுவாகப் போக வேண்டும், மெதுவாகப் போகிற நேரத்தில் மேலே இருக்கிற மண் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

மண்ணைக்கூட சமாளிக்கலாம், கிணறுகளை முடியாது. பழைய வீடுகளில் மூடிய கிணறுகள் எத்தனை என்று எந்த ஆவணத்திலும் இல்லை. சுரங்கம் போகிற பாதையில் வீடு வீடாகச் சர்வே எடுத்தோம், படிவத்தில் "கிணறு உண்டா, இல்லையா" என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு வீட்டில் "இல்லை" என்று டிக் அடித்திருந்தது. மெஷின் அடியில் போனபோது அந்த வீட்டுச் சமையலறைத் தரையில் வெடிப்பு விட்டு வெள்ளை நுரை பொங்கி வந்தது. மண்ணை இளக்குவதற்காக நாங்கள் கீழே செலுத்துகிற நுரைதான் அது. ஓடிப் போய்ப் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி நிதானமாகச் சொன்னார்: "ஏம்மா, அங்கதானே கேணி இருந்துச்சு. என் மாமியார் இருந்தப்போ அங்கதான் தண்ணி சேந்துவோம். மூடி, மேல சிமென்ட் போட்டு நாப்பது வருஷம் ஆச்சே." சர்வேக்காரர்கள் யாரிடம் கேட்டார்கள் என்று பார்த்தால், மாடியில் குடியிருந்த வாடகைக்காரரிடம். அவர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

பாட்டி குடும்பத்தை மூன்று வாரம் ஒரு லாட்ஜில் தங்கவைத்து, கிணற்றை கிரௌட் என்கிற சிமென்ட் கரைசல் போட்டு அடைத்து, தரையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். அதற்கப்புறம் படிவத்தை மாற்றினேன். "கிணறு உண்டா" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "இந்த வீட்டில் வயதில் மூத்தவர் யார், முன்னால் தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்" என்று வைத்தோம். அடுத்த இரண்டு தெருவில் மட்டும் பதினோரு கிணறு கிடைத்தது!

இப்போது நான் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய கதை. டெல்லி மெட்ரோவில் ஈ. ஸ்ரீதரன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், திறப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி எண்ணும் பலகைகளை அலுவலகங்களிலும் சைட்களிலும் வைத்திருந்தார்கள். சிவில்காரர்கள் எல்லோருக்கும் அவர் ஒரு மாதிரி குலதெய்வம். 1964 புயலில் போன பாம்பன் பாலத்தை 46 நாளில் எழுப்பிக் கொடுத்தவர், கொங்கண் ரயில், அப்புறம் 2002 டிசம்பரில் டெல்லியின் முதல் தடம். நானும் ஒரு பலகை செய்யச் சொல்லி, சிவப்பு எழுத்தில் எண் மாறுகிற மாதிரி, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் மாட்டினேன். மேலே இருந்தவர்கள் பார்த்துப் பாராட்டினார்கள், போட்டோகூட எடுத்தார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி ஷிஃப்ட். சுரங்கச் சுவரின் ஒரு வளையத்தை ரிங் என்போம், ஒரு ரிங் அளவுக்கு மெஷின் முன்னே தள்ளினால் இத்தனை வண்டி மண் வரும் என்று கணக்கு உண்டு. அன்றைக்கு அடுத்தடுத்து இரண்டு ரிங்கில் கணக்கைவிடக் கூடுதலாக மண் வந்தது. கூடுதலாக மண் வருகிறது என்றால் மேலே எங்கேயோ வெற்றிடம் உண்டாகிறது என்று அர்த்தம், இதை எங்களில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஷிஃப்டில் இருந்தவன் ஒடிசாவிலிருந்து வந்த பையன், இருபத்தாறு வயது. மெஷினை நிறுத்தி எங்களை எழுப்பியிருக்க வேண்டும். அவன் எண்ணினான், எழுதினான், மெஷின் ஓடட்டும் என்று விட்டுவிட்டான். விடியற்காலையில் மேலே ரோட்டில் ஒரு கார் அளவுக்குக் குழி. நல்லவேளை, ஐந்து மணி, ஒரு பால் வண்டி ஓரமாக ஒதுங்கிப் போயிருந்தது, யாருக்கும் அடியில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தப் பால் வண்டி கனவில் வரும்.

ஏன் சொல்லவில்லை என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் வாயே திறக்கவில்லை. அப்புறம் வாசலைக் காட்டி இந்தியில் சொன்னான்: "நேத்து நீங்க அந்தப் பலகைக்குக் கீழ நின்னு, இனிமே ஒரு ரிங்கூடக் குறையக் கூடாதுன்னு சொன்னீங்க மேடம்."

அன்றைக்கே பலகையைக் கழற்றினேன். டெல்லியில் அந்தப் பலகை வேலை செய்தது என்றால் அதற்குப் பின்னால் வேறு சில விஷயங்கள் இருந்தன. அங்கே நிர்வாக இயக்குநர் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தது, கோப்பு பத்து மேஜை சுற்றி வரவில்லை. ஒப்பந்ததாரருக்கு பில்லின் பெரும்பகுதி சீக்கிரமே கைக்கு வந்தது. 2009 ஜூலையில் ஜம்ரூத்பூரில் கட்டிக்கொண்டிருந்த பாலம் விழுந்து தொழிலாளர்கள் இறந்தபோது, ஸ்ரீதரன் கீழே இருக்கிற யாரையும் கைகாட்டாமல் அன்றைக்கே தன் ராஜினாமாவைக் கொடுத்தார், அரசு ஏற்கவில்லை என்பது வேறு. நான் இது எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, பலகையை மட்டும் காப்பி அடித்தேன்.

பிறகு செய்தவை சின்னச் சின்னக் காரியங்கள். மெஷினை நிறுத்துகிற அதிகாரம் ஷிஃப்டில் இருக்கிற யாருக்கும் உண்டு, நிறுத்தியது வீண் என்று பின்னால் தெரிந்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தேன். எழுத்தில் என்பது முக்கியம், வாயால் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், நானே நம்பியிருக்க மாட்டேன். காலை ஏழு மணிக் கூட்டத்தில் வயதிலும் பதவியிலும் சின்னவர் முதலில் பேசுவார், நான் கடைசியில். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் அதற்கப்புறம் பேசுகிற எல்லோரும் அவருக்கு ஒத்துத்தான் பேசுவார்கள், இது நம் ஊர் வளர்ப்பு. முதல் முறை ஒருவன் சும்மா ஒரு சந்தேகத்தில் நாலு மணி நேரம் மெஷினை நிறுத்தினான். மேலிருந்து எனக்கு வந்த போனை நான் வாங்கிக்கொண்டு, மறுநாள் கூட்டத்தில் அவனுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகுதான் உண்மையான எண்கள் வர ஆரம்பித்தன. போன் வாங்குகிற வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் அதிகம்.

2015 ஜூன் 29, கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் ரயில். அந்த டிசம்பரிலேயே வெள்ளம், கீழே சாலைகள் மூழ்கிக் கிடக்க மேலே ரயில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவரை எட்டிப் பார்க்காத ஜனமெல்லாம் ஏறியது. சுரங்கத்தில் 2017 மே மாதம். நான் ஏதோ கல்யாணம் முடித்த அம்மா மாதிரி ஒரு வாரம் தூங்கினேன்.

அப்புறம் என் அம்மாவை ரயிலில் கூட்டிப் போனேன். அவளுக்கு மூட்டு வலி. லிஃப்ட் இருந்தது, எஸ்கலேட்டர் இருந்தது, எல்லாம் சரி. வெளியே வந்து, "பஸ் ஸ்டாப் எங்கடி?" என்றாள். நான் அந்த நிலையத்தின் ஒவ்வொரு தூணையும் அறிவேன், பஸ் ஸ்டாப் எங்கே என்று தெரியவில்லை! தேடிப் பார்த்தால் 280 மீட்டர் தள்ளி, நடைபாதை கிடையாது, நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அம்மா ஆட்டோ பிடி என்றாள். ரயில் டிக்கெட்டைவிட ஆட்டோவுக்குக் கூடக் கொடுத்தோம்.

பல ஆயிரம் கோடியில் கட்டியதை அந்த 280 மீட்டர் பாதியாக்கிவிடும் என்று எந்தக் கல்லூரியிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் நான் பிள்ளைகளிடம் சொல்வது: மாதம் ஒரு நாள் ஆபிஸ் வண்டியை விட்டுவிட்டு, கையில் பத்துக் கிலோ பையோடு, முடிந்தால் ஒரு வயதானவரோடு, வீட்டு வாசலிலிருந்து போகிற இடத்தின் வாசல் வரைக்கும் போய் வாருங்கள். ரயிலுக்குள் உட்கார்ந்து போட்டோ எடுப்பது கணக்கில் வராது.

கடைசி நாலு வருஷம் பஸ், ரயில் இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுகிற ஒரு பொறுப்பு. சென்னையில் எல்லாப் போக்குவரத்தையும் ஒன்றாகப் பார்க்க ஓர் ஆணையம் வேண்டும் என்று சட்டம் வந்தது 2010இல், ஒரே செயலியில் பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது 2025 செப்டம்பரில். பாலம் கட்டுவதைவிட இரண்டு ஆபிஸைச் சேர்ப்பது எத்தனை மடங்கு பாடு என்று இந்த இடைவெளியைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

பஸ்ஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் நாளே டிப்போவில் சொல்லிவிட்டேன். அது நல்லதாகப் போயிற்று. டைம் ஆபிஸ் பெஞ்சில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்த ஒரு கண்டக்டர், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், ஒரு நாள் என் நோட்டைப் பிடுங்கி ஒரு கோடு போட்டார். "மேடம், இந்த ரூட்ல ஒரு சிங்கிளுக்கு, ஒரு தடவை போய்ச் சேர்றதுக்கு, 70 நிமிஷம்னு ஷெட்யூல்ல இருக்கு. அது எப்பப் போட்டது தெரியுமா? நடுவுல இருக்கிற நாலு சிக்னல் வர்றதுக்கு முன்னாடி. இப்போ காலைல 95 நிமிஷம் ஆகுது. டிரைவர் என்ன பண்ணுவாரு, ஸ்டாப்ல நிக்காம போவாரு. ஜனங்க எங்களத் திட்டுது, நீங்க எங்களுக்கு மெமோ குடுக்கிறீங்க."

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால் மணிக்கு ஆறு, நிற்கிறவர் சராசரியாக ஐந்து நிமிஷம் காத்திருப்பார். அதே ஆறு பஸ் தாமதத்தில் மும்மூன்றாக ஒட்டிக்கொண்டு வந்தால், ரோட்டில் நிற்கிறவருக்கு அது அரை மணிக்கு ஒரு பஸ், சராசரி பதினைந்து நிமிஷம், அதிலும் முதல் பஸ் பிதுங்கி வழியும், பின்னால் வருகிற இரண்டும் காலியாக வரும். பஸ் வாங்கவில்லை, ஆள் சேர்க்கவில்லை, ஷெட்யூலில் உண்மையான நேரத்தைப் போட்டு, டெர்மினஸில் கொஞ்சம் இடைவெளி விட்டோம். தாளில் சிங்கிள் எண்ணிக்கை குறைந்தது, அதற்காக எனக்கு ஒரு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஆனால் ஒட்டிக்கொண்டு வருவது குறைந்தது, ஸ்டாப்பில் நிற்காமல் போகிறார்கள் என்ற புகாரும் குறைந்தது. அந்தக் கண்டக்டரின் யோசனை என்று குறிப்பில் அவர் பெயரைப் போட்டுத்தான் அனுப்பினேன். போன வருஷம் ரிடையர் ஆனபோது அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது இரண்டாம் கட்டம், மூன்று தடம், 118.9 கிலோமீட்டர், ஊர் முழுக்கத் தோண்டிக் கிடக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் எனக்கு மெசேஜ் போடுகிறார்கள். பட்டா, டவுன் சர்வே வரைபடம் படிக்கக் கற்றுக்கொள் என்பேன், பறக்கும் ரயிலின் வேளச்சேரி–பரங்கிமலை இணைப்பு சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக எத்தனை வருஷம் காத்துக் கிடந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டாம். ஒப்பந்தத்தின் பிரிவுகளை நீயே படி, வக்கீலுக்கு விடாதே என்பேன். ஓடுகிற ரயிலின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு வாரமாவது உட்கார் என்பேன். ராத்திரி ஷிஃப்டில் யாரோடு டீ குடிக்கிறாய் என்று கேட்பேன், அதற்குப் பதில் வராவிட்டால் கொஞ்சம் கவலையாக இருக்கும்.

அந்த 280 மீட்டர் விஷயம். பஸ் ஸ்டாப்பை நிலைய வாசலுக்கு நகர்த்த பதினான்கு மாதம், நாலு அலுவலகம், எண்ணவே வேண்டாம் எத்தனை கடிதம். நகர்ந்தது. இப்போது 40 மீட்டர். போன வாரம் ஓய்வுபெற்ற ஆளாக, காய்கறிப் பையோடு அதே வழியில் நடந்தேன். நிழற்குடை நன்றாக இருக்கிறது, பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இன்னும் நடைபாதையின் நடுவில் நிற்கிறது, அதைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கித்தான் ஏற வேண்டும். நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா, "நீங்க ஈபி ஆபிஸாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ எழுதி என்ன பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.